வாலிலிருந்து படித்தவள்

அஃப்சருன்னிசா என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது சைதாப்பேட்டை மார்க்கெட்டில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில். என் சின்னம்மா மகன் பீர் முஹம்மதுவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த வருடம் அது. நானும் சின்னம்மாவும் வஞ்சிரக் கருவாட்டுக்கு நின்றபோது, சம்பந்தம் பேசி வைக்கிற ஒரு அம்மா வந்து சேர்ந்துகொண்டார். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது, அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், பெண் பெயர் அஃப்சருன்னிசா, பத்தாவது வரை படித்தவள் என்றார். சின்னம்மா கருவாட்டை முகர்ந்து பார்ப்பதிலேயே இருந்தாள். அந்த அம்மா விடவில்லை.

"இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கூட்டிப் படிக்கும்மா. மருந்து பாட்டில்ல போட்டுக்கீறதக்கூடப் படிச்சிச் சொல்லும்."

அதில்தான் சின்னம்மா விழுந்தாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒரு பெண்ணும் இங்கிலீஷ் எழுத்தைத் தொட்டதில்லை. நானே மூன்றாவதோடு நின்றவள்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவும் பீர் முஹம்மதுவின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அவன் என்னை லாத்தா, அதாவது அக்கா, என்பான். அவனுக்கு ஒரே தங்கை அஸ்மத்துன்னிசா, கொட்டிவாக்கத்தில் கட்டிக் கொடுத்தது. அவளுக்கு ஒரே மகன் ஹம்மாத். தொட்டிலில் கிடந்த காலத்தில் என் முந்தானையை நனைத்தவன். அதை ஏன் சொல்கிறேன் என்றால், அவனைப் பற்றிப் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு, யாரோ அந்நியனைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அஃப்சரு வரும்போது சீரோடு சீராக அவள் அப்பாவின் லென்ஸ் ஒன்றும் வந்தது. கடிகாரக்காரர்கள் ஒரு கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தக் கறுப்புக் குமிழ். இது என்னத்துக்கு என்று அஸ்மத்து கேலி செய்தாள். "உங்க அண்ணன் மூஞ்சியப் பெரிசாக்கிப் பாக்கத்தான்" என்றாள் புதுப்பெண். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பீர் முஹம்மது தையல்காரன். வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், மிஷின் தி. நகரில், ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே. ஜாக்கெட் மட்டும்தான் தைப்பான். எல்லோரும் மோட்டார் வைத்த பிறகும் அவன் காலால்தான் மிதித்தான். மோட்டார் ஊசியை இழுத்துக்கொண்டு ஓடும், என் கால் சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கும் என்பான். அவன் கை வேலையை எல்லோரும் புகழ்வார்கள். அவனோ வலது காலைத்தான் தட்டிக் காட்டுவான்.

லென்ஸுக்கு வேலை வந்தது ஐந்தாறு வருடம் கழித்து. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறவர்களுக்கு வாசலில் யாரோ ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் பன்றிக் கொழுப்பு, எலும்புப் பசை, சாராயம் எல்லாம் பெயர் மறைத்து எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது, இன்னின்ன எண் இருந்தால் தொடாதீர்கள் என்று ஒரு பட்டியல். அதில் எவ்வளவு நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் குடும்பம் நடுங்கிப்போனது மட்டும் தெரியும். பிள்ளைகளின் வாயிலிருந்த சாக்லேட்டைத் தோண்டித் துப்ப வைத்தோம். அஃப்சரு அந்தத் தாளை அட்டையில் ஒட்டி, ஒரு வாரத்தில் எண்களை மனப்பாடம் செய்தாள். அதிலிருந்து எங்களில் யார் வீட்டுக்கு என்ன பாக்கெட் வந்தாலும் முதலில் அவளிடம்தான் போகும்.

அவள் படிக்கிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாக்கெட்டைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதிய கட்டத்தைத் தேடுவாள். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. எண்களெல்லாம் அந்தக் கட்டத்தின் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கும். ஆகவே மேல் வரிகளைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள். கண் அலையக் கூடாதாம். லென்ஸை இடுக்கிக்கொண்டு, வாலைப் பிடித்து, எண் எண்ணாக மேலே வருவாள். எண்கள் சுத்தமாக இருந்து, முன்பக்கம் பச்சைப் புள்ளியும் இருந்தால், "சாப்பிடலாம்." இல்லையென்றால், "வேணாம்." தீர்ப்பு இரண்டே இரண்டுதான். அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கிட்டத்தட்ட முப்பது வருடம் அவளும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஹம்மாத் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொட்டிவாக்கத்தில் கடற்கரைச் சாலை மண்டபம். சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க முந்நூறு கண்ணாடிக் கிண்ணத்தில் சிவப்பு ஜெல்லி தளதளவென்று வந்து நின்றது. ஒருவரும் தொடவில்லை. "அஃப்சரு பாத்துட்டாளா?" என்று ஒரு வாய் இன்னொரு வாயைக் கேட்டது. அவள் சமையல்கட்டுக்குப் போய்க் காலி பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, நகையும் பட்டுமாக நின்றுகொண்டு லென்ஸை மாட்டினாள். வேணாம் என்று தலையை ஆட்டினாள். முந்நூறு கிண்ணமும் திரும்பிப் போயிற்று. பிள்ளைகள் அழுதன. சமையல்காரர் சண்டைக்கு வந்தார். மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்திருந்த ஹம்மாத் மட்டும் கோபப்படவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லில் இத்தனை கை நிற்கிறதே என்று பார்த்திருக்கிறான் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பீருக்கு சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவனை மாதிரி நாக்கைக் கட்டியவனை நான் கண்டதில்லை. டீயில் சர்க்கரையை விட்டான். பிரியாணியில் இரண்டாவது கரண்டியை விட்டான். பெருநாள் சேமியாவைக் கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவான். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரை இரண்டு நாலானது, பிறகு ஊசியானது. அஃப்சரு தன்னையே நொந்துகொள்வாள், எங்கே கோட்டை விடுகிறேன் என்று தெரியவில்லையே அண்ணி என்று என்னிடம் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹம்மாத் பெருங்குடியில் ஒரு குடோன் பிடித்து, பாக்கெட் சாமான்களுக்கு ஏஜென்சி எடுத்தான். ஒரு சாயங்காலம் மாமா மாமியைப் பார்க்க வந்தவன், தானியமுத்து என்று ஒரு டப்பாவும், கோதுமை பிஸ்கட் என்று ஒரு கட்டும் கொண்டுவந்து வைத்தான். டப்பாவின் முன்பக்கம் கேழ்வரகுக் கதிர், கம்பு, சிரித்துக்கொண்டே நடக்கிற ஒரு நரைத்த தம்பதி. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று நான்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய தமிழ் எழுத்து. மாமாவுக்கென்றே வந்தது மாமி, நீங்க பார்த்து ஒரு வார்த்தை குரூப்பில் போட்டுவிடுங்கள் என்றான். எங்கள் குடும்பத்துக்குப் போனில் ஒரு குரூப் உண்டு, நூற்றுச் சொச்சம் பேர். அஃப்சரு கட்டைவிரலை வைத்தாள், லென்ஸை மாட்டினாள், வாலிலிருந்து வந்தாள். எண்கள் சுத்தம். பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. 'சாப்பிடலாம்' என்று எழுதிப் போட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். பீர் காலையில் ஒரு டம்ளர், நாலு மணிக்கு ஒரு டம்ளர், கூடவே நாலு பிஸ்கட். பசித்தால் இன்னும் இரண்டு, கோதுமைதானே. நானும் தினம் ஒரு டம்ளர் குடித்தேன். அசல் கேழ்வரகுக் கூழ் தொண்டையில் கரகரக்கும். இது வழுக்கிக்கொண்டு இறங்கும், அண்ணத்தில் பிசின் மாதிரி ஒரு படலம் நிற்கும். நாக்கால் துழாவித் துழாவி எடுப்பேன். நன்றாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே எடுப்பேன். இதை எழுதும்போது அந்தப் படலம் திரும்ப வாயில் வந்து ஒட்டுகிறது. எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

போன வருடம் மழைக்கு முன்பு ஒருநாள், பீர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினான். வலது கால் செருப்பு கழலவில்லை. இழுத்தபோது தோலோடு வந்தது. பெருவிரலுக்கு அடியில் பழைய உடைந்த ஊசித் துண்டு ஏறியிருக்கிறது. எத்தனை நாளாக என்று அவனுக்கே தெரியாது. காலில் உணர்ச்சியே இல்லை. சீழ் பிடித்த விரலோடு அவன் மிஷினை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வாடையில் நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். அஃப்சரு வைக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள்.

பெரியாஸ்பத்திரியில் கால் புண் பார்க்கிற டாக்டர், சர்க்கரை நானூறைத் தொடுகிறது என்றார். விரல் போவது நிச்சயம், பாதம் தங்குமா என்பது இன்னும் ஒரு மாதத்தில் சர்க்கரை இறங்குவதைப் பொறுத்தது, இல்லையென்றால் கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்றார். தையல்காரனுக்குக் காலை எடுத்துவிட்டுக் கையை விட்டுவைத்து என்ன பிரயோஜனம் டாக்டர் என்று பீர் கேட்டான்.  அடுத்த முறை வரும்போது இவர் சாப்பிடுவதையெல்லாம் எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர்.

அஃப்சருவுக்கு அது அவமானமாக இருந்தது. ஆனாலும் எடுத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன். அங்கே கட்டுப் போடுகிற நர்ஸ் ஏஞ்சல், நொச்சிக்குப்பத்துப் பெண். அவள் அம்மாவிடம் நான் நெத்திலி வாங்கியிருக்கிறேன். பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாம்மா, கடைய அப்டியே தூக்கினு வந்துட்டியா?"

அஃப்சரு கொஞ்சம் நிமிர்ந்தே பேசினாள். கண்ட கழுதையை நான் வீட்டுக்குள் விடுவதில்லை, ஒவ்வொன்றும் நானே படித்துப் பார்த்தது என்று லென்ஸை எடுத்துக் காட்டினாள். ஏஞ்சல் தானியமுத்து டப்பாவை அவள் கையில் கொடுத்து, படித்துக் காட்டச் சொன்னாள். அஃப்சரு வழக்கம்போல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு கடைசி வரியில் ஆரம்பித்தாள்.

"இரு, இரு. கடைசிலேர்ந்தா படிப்ப? சினிமாக்குப் போனாலும் வணக்கம் போட்டப்பறம்தான் உள்ள போவியா?"

பெஞ்சில் காலைத் தூக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பீரும் சிரித்தான். ஏஞ்சல் அவள் கட்டைவிரலைப் பிடித்து, குழந்தை விரலை நகர்த்துவது போல நகர்த்தினாள்.

"இங்க படி. மொத வார்த்த."

அஃப்சரு எழுத்தைக் கூட்டினாள். மால்டோடெக்ஸ்ட்ரின். அதற்குப் பக்கத்தில் அறுபத்தெட்டு சதவீதம் என்று இருந்தது.

"எது நெறய கீதோ அத்தத்தாம்மா மொதல்ல எளுதணும். அது சட்டம். இது மாவை ஒடைச்சி செய்யறது. சக்கரைன்னு பேர் வைக்க மாட்டான், ஆனா சக்கரையாட்டம் விர்ருனு ரத்தத்துல ஏறும். கேவுரு எங்க கீதுன்னு பாரு."

கேழ்வரகு ஏழாவது இடத்தில் இருந்தது. நூற்றுக்கு நாலு. பிஸ்கட்டைத் திருப்பினார்கள். முதலில் மைதா, அடுத்தது பாமாயில், அப்புறம் சர்க்கரை, அப்புறம் இன்வெர்ட் சிரப், அப்புறம் லிக்விட் குளுக்கோஸ். முன்பக்கப் படத்தில் இருந்த கோதுமை அதற்கும் பின்னால் எங்கேயோ நின்றது.

"பாத்துக்க. ஒரே ஆளு மூணு பேர்ல வந்து கையெளுத்துப் போட்டுட்டுப் போயிகினு கீறான்" என்றாள் ஏஞ்சல்.

அஃப்சரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பச்சைப் புள்ளி இருக்கேம்மா?"

"கறி, முட்டை இல்லன்னா பச்சைப் புள்ளி. நல்லதுன்னு எவன் சொன்னான்? எலி மருந்துல கறி இல்லன்னா அதுக்கும் போடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அஃப்சரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் மிச்சமிருந்ததை ஒரு சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு அடுப்பில் கிளறினாள். இது எதற்கு என்றேன். பார்க்க வேண்டும் அண்ணி என்றாள். பழுப்பாகக் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. வேகவைத்த சோளத்தின் வாசனையும் வார்னிஷ் வாசனையும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு வாடை வீடு முழுக்கச் சுற்றியது. ஆறியதும் கரண்டியைத் தூக்கினாள். சட்டியும் கூடவே வந்தது. பீர் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன், விரலை விட்டு எடுத்தான். நூல் நூலாக இழுபட்டது. பக்கத்தில் கிடந்த இரண்டு கேன்வாஸ் துண்டுகளை எடுத்து, அதைத் தடவி ஒட்டி, ஜாக்கெட் கழுத்துக்கு அழுத்துவது போல அழுத்தி வைத்தான். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொல்கிற நேரத்தில் இழுத்துப் பார்த்தான். துணி கிழிந்தது, பசை விடவில்லை.

"நாம வாங்குற பசையவிட நல்லாப் புடிக்குது லாத்தா" என்றான்.

நான் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். என் வீட்டுக்கு வந்து, என் டப்பாவையும் எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. கம்பி விட்டுக் குத்தியதில் எண்ணெயும் பிசினுமாகக் கைப்பிடி அளவு ஒரு கட்டி வந்தது. அதைக் காகிதத்தில் எடுத்துக் குப்பையில் போடும்போது கை கூசியது. இரண்டு வருடம் நான் காசு கொடுத்து வாங்கி, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி விழுங்கிய பொருள் அது.

அஃப்சரு குரூப்பில் எழுதினாள். தானியமுத்தும் கோதுமை பிஸ்கட்டும் சாப்பிடலாம் என்று நான் சொன்னது தப்பு, மேல் வரியை நான் படிக்கவே இல்லை, எல்லோரும் நிறுத்திவிடுங்கள், மற்றதையும் மேலிருந்து படியுங்கள் என்று. முப்பது வருடத்தில் ஒரு பாக்கெட்டைப் பற்றி 'சாப்பிடலாம்', 'வேணாம்' தவிர அவள் சொன்ன முதல் வாக்கியங்கள். பதிலுக்கு ஒருத்தன், அப்படியென்றால் ஹராமா என்று கேட்டான். இன்னொருத்தி அழுகிற பொம்மை போட்டாள். ஒருவரும் பீரின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஹம்மாத் வந்தான். மாமாவுக்கு ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"மாமி, உங்களைக் கேட்டது ஹலாலா ஹராமான்னு. அதுக்கு நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்க. இப்ப எதுக்கு டாக்டர் வேலை பாக்குறீங்க?"

அஃப்சரு அவனுக்கு முன்னால் அந்த ஒட்டிய கேன்வாஸை வைத்தாள். அது என்னவென்று சொன்னாள். அவன் அதைத் தொடவில்லை. இந்தக் காலத்தில் எல்லா டப்பாவிலும் இதுதான் மாமி, இது ஒன்றும் திருட்டு இல்லை, பின்னால் எழுதித்தானே இருக்கிறது என்றான்.

"எழுதிருக்கு. நான்தான் மூடிக்கினு படிச்சேன். அது என் தப்பு, அதுக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். நீ இதச் சொல்லு. உங்க வீட்ல யாரு குடிக்கிறீங்க?"

ஹம்மாத் ஆப்பிள் பையின் முடிச்சைச் சரி செய்தான். மறுபடியும் சரி செய்தான்.  பின்னால் அஸ்மத்துவே என்னிடம் ஒப்புக்கொண்டாள்: அந்த வீட்டில் ஒருநாள் கூட அந்த டப்பா திறந்ததில்லை. பிள்ளைகளுக்குப் பால்தான். இது விற்கிறதுக்கு, குடிக்கிறதுக்கு இல்லம்மா என்று முதல் நாளே மகன் சொல்லிவிட்டானாம். அண்ணன் காலையும் மாலையும் அதைக் குடிப்பது தெரிந்தும், அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தப் பொடியைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் குமட்டியது.

"எழுந்து போ ஹம்மாத்" என்றாள் அஃப்சரு. "உனக்கு டீ போடக்கூட அருவருப்பா கீது."

எங்கள் வீடுகளில் வந்தவனை டீ கொடுக்காமல் அனுப்பியதாக எனக்கு நினைவே இல்லை. அவன் ஆப்பிளை விட்டுவிட்டுப் போனான். குரூப்பை நடத்துகிறவன் அவன்தான். அன்றைக்கே அஃப்சருவை அதிலிருந்து நீக்கினான். அவள் எழுதியதையும் அழித்தான். அது போதாதென்று, இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் எழுதிய 'சாப்பிடலாம்' என்பதைத் தேடி எடுத்து, தானியமுத்துப் படத்துக்குக் கீழே ஒட்டி, 'மாமி பார்த்தது' என்று மறுபடியும் போட்டான். அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை போட்டார்கள். எனக்குக் குரூப்பிலிருந்து வெளியேறத் தெரியாது. பேத்தி இஃப்ராவைக் கூப்பிட்டு, இந்தக் கழிசடையிலிருந்து என்னை வெளியே எடு என்றேன்.

அஃப்சரு அந்த மாதம் ஒரு பாக்கெட்டையும் வாசல் தாண்டி வர விடவில்லை. முழுக் கேழ்வரகை வாங்கிக் கழுவிக் காயவைத்து மாவு மிஷினில் அரைத்தாள். மீன், முருங்கைக்கீரை, சுண்டல். பீர் வாய்விட்டு அழுதான், பிஸ்கட் கேட்டு. அறுபத்திரண்டு வயது ஆள், கள்ளுக்குக் காசு கேட்கிறவன் மாதிரி கேட்டான். அவள் கொடுக்கவில்லை. நாலாவது வாரம் சர்க்கரை நூற்று எண்பதுக்கு வந்தது. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பாதம் தங்கிவிட்டது. அவனால் மிதிக்க முடியவில்லை. மோட்டார் வாங்கி, இடது காலால் அழுத்தி, ஓடுகிற ஊசியைத் திட்டிக்கொண்டே தைக்கிறான். லென்ஸை அவன் எடுத்துக்கொண்டான், ஊசியில் நூல் கோக்க.

மயிலாப்பூர் வீட்டுப் படிகளை அந்தக் காலோடு அவனால் ஏற முடியவில்லை. அஃப்சருன்னிசா இப்போது சைதாப்பேட்டையில், அவள் அப்பா கடை வைத்திருந்த தெருவிலேயே, தரைத்தளத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக பீர் முஹம்மதுவோடு இருக்கிறாள்.